பூட்டுக்குப் பின் ஒரு திருத்தம்

மும்தாஜ் பேகம் பெரிய நிரலாளர் இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு எழுதுவார், அவ்வளவுதான். ஆனால் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் சென்னையிலும் இருந்துகொண்டு 'கொற்கை' என்ற தமிழ் எழுதும் மென்பொருளை உருவாக்கிய ஒன்பது ஆண்கள், எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று முடிவு செய்யும் பொறுப்பை 1998 கடைசியில் மேலப்பாளையத்துக்காரியான அவரிடம்தான் கொடுத்தார்கள்.

அதற்குக் காரணம் ஒரு கடிதம். அவர் கணவர் தாஜ் முகம்மது அரபு நாட்டில், தம்மாமில் வேலை பார்த்தார். அவருக்குத் தமிழிலேயே மின்னஞ்சல் அனுப்ப வழி தேடியபோதுதான் கொற்கை கண்ணில் பட்டது. இலவசம். அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருப்பி அனுப்பலாம். ஒரு வாரம் அதைப் பயன்படுத்திவிட்டு மும்தாஜ் அக்கா நாற்பத்தொரு பிழைகளை எண் போட்டு எழுதி அனுப்பினார். எந்த எழுத்துக்குப் பிறகு எந்த விசையைத் தட்டினால் என்ன கெடுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் விவரம். கொற்கையைத் தொடங்கிய சிவகணேஷ் ராதாபுரத்துப் பையன், சிங்கப்பூரில் வேலை. மறுநாளே பதில் போட்டான்: "அக்கா, நீங்க இத்தன நாளா எங்கன இருந்திய?"

நான் விஜயஸ்ரீ. பாளையங்கோட்டையை ஒட்டிய வண்ணார்பேட்டையில் ஒரு மிக்சிக் கடைக்கு மேலே மூன்று அறைகளில் நடந்த கணினி மையத்தில் மும்தாஜ் அக்கா டாஸும் ஃபாக்ஸ்புரோவும் எடுத்தார். அடுத்த அறையில் நான் தட்டச்சு வகுப்பு எடுத்தேன். கொற்கையின் வெளியீட்டு நாளான அந்த வியாழக்கிழமை முழுவதும் நான் அவர் கூடவே இருந்தேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பொறுப்பு கைக்கு வந்ததும் அவர் இரண்டு ஏற்பாடுகள் செய்தார். ஒன்று, சோதனைப் பட்டியல். அறுபத்து நான்கு சோதனைகள். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் அறுபத்து நான்கையும் ஓட்டி, டிக் போட்டு, தேதி எழுத வேண்டும். இரண்டாவது, பூட்டு. வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்னாலேயே ஒரு நாளைக் குறித்துவிடுவார். அந்த நாளுக்குப் பிறகு பிழை திருத்தம் மட்டும்தான். புதிதாக ஒரு வரி உள்ளே வரக்கூடாது.

1.0 பதிப்புக்குப் பூட்டு 1999 பிப்ரவரி இருபத்தைந்து. வெளியீடு மார்ச் பதினெட்டு, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. சென்னையில் ஒரு கணினிப் பத்திரிகை தன் இதழோடு கொடுக்கும் குறுவட்டில் கொற்கையைச் சேர்க்க ஒப்புக்கொண்டிருந்தது. இருபதாயிரம் பிரதிகள். அதுவரை எங்கள் இணையத் தளத்திலிருந்து கொற்கையை இறக்கிக்கொண்டவர்கள் மொத்தமே எண்ணூறு பேர்.

மார்ச் முதல் வாரத்தில் சிவகணேஷ் தொலைபேசியில் அழைத்தான். பெரிய கோப்பைச் சேமிக்கக் கொற்கை அரை நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. நான்கு மாதம் உட்கார்ந்து அந்தப் பகுதியையே புதிதாக எழுதியிருந்தான். இப்போது கண் சிமிட்டும் நேரத்தில் சேமித்துவிடும்.

"பூட்டு போட்டாச்சு தம்பி," என்றார் மும்தாஜ் அக்கா.

"இருபதாயிரம் பேரு மொத மொதல்ல பாக்கப் போறாங்கக்கா. அர நிமிஷம் அப்படியே நின்னா தூக்கிப் போட்டுருவாங்க. இந்த ஒரு தடவ மட்டும்."

அக்கா இரண்டு நாள் யோசித்தார். புதிய பகுதியை வைத்து அறுபத்து நான்கு சோதனைகளையும் ஓட்டினார். எல்லாம் தேறின. பூட்டைத் திறந்து அதை உள்ளே விட்டார். 0.9.4 என்று எண் கொடுத்து, சோதிப்பவர்களுக்காகத் தளத்திலும் வைத்தார்.

பதினெட்டாம் தேதி காலை பத்துக்கு முன்னால் மையத்துத் தொலைபேசி அடித்தது. சாலோமி. எங்களிடம் படித்த பெண். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு கணினி வைத்து ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தாள். கொற்கையை எங்களுக்காகச் சோதித்துத் தருகிறவர்களில் அவளும் ஒருத்தி.

"டீச்சர், ஞானம்பாள் மேடத்தோட ஆய்வேட்டுல கடேசிப் பக்கமெல்லாம் காணல. நேத்து சாயங்காலம் அடிச்சுச் சேமிச்சிட்டுத்தான் போனேன். நெசமாச் சேமிச்சேன் டீச்சர்." அழுகிற குரல்.

"எதையும் தொடாத. நான் வாரேன்."

பாளை பேருந்தில் உட்கார இடம் இருந்தும் மும்தாஜ் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

சாலோமியின் கடையில் அவர் விசைப்பலகையைத் தொடவில்லை. "நேத்து எப்படிச் செஞ்சியோ அப்படியே செய்யி. நான் இங்கன இல்லன்னு நெனச்சுக்க," என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் போய் நின்றார்.

சாலோமி பிளாப்பியைச் செருகினாள். கோப்பைத் திறந்தாள். எண்பத்தைந்தாம் பக்கத்தில் ஒரு சொல்லின் பாதியில் நின்றிருந்தது. கையெழுத்துப் பிரதியைப் பார்த்து ஒரு பத்தி அடித்தாள். சேமித்தாள். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. மூடினாள். திரும்பத் திறந்தாள்.

அடித்த பத்தி இல்லை. முன்பு இருந்ததிலும் அரைப் பக்கம் போயிருந்தது.

"நேரா பிளாப்பியிலதான் சேமிக்கியா?"

"ஆமா டீச்சர். மெஷின்ல எடமில்ல. மேடமும் பிளாப்பியிலதான் கொண்டு வருவாங்க, கொண்டு போவாங்க."

மும்தாஜ் அக்கா அப்போதுதான் குனிந்து பிளாப்பியில் மீதி இடம் எவ்வளவு என்று பார்த்தார். ஒன்றுமே இல்லை. அது நிறைந்துவிட்டிருந்தது. சிவகணேஷின் புதிய பகுதி கோப்பை வட்டுக்கு அனுப்பியதும், வட்டு அதை வாங்கிக்கொண்டதா என்று கேட்காமலே 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லிவிடுகிறது. பழைய பிரதியையும் அதற்குள் அழித்துவிடுகிறது. நிரல் எழுதிய ஒன்பது பேரிடமும் பெரிய ஹார்ட் டிஸ்க் இருந்தது. யாருக்கும் பிளாப்பி நிறையவில்லை. அக்காவின் பட்டியலில் பிளாப்பிக்கு ஒரு சோதனை உண்டு, ஆனால் அதில் அவர் எப்போதும் காலி பிளாப்பியைத்தான் போட்டிருக்கிறார்.

"இத நான்தான் உள்ள விட்டேன் விஜி," என்றார்.

பதினொன்றே காலுக்கு வண்ணார்பேட்டைக்குத் திரும்பிச் சிங்கப்பூருக்கு அழைத்தார். தொலைபேசியின் இரைச்சலையும் மீறிச் சிவகணேஷின் குரல் எனக்கே கேட்டது.

"பிளாப்பி நெறஞ்சா வேற போடுவாங்கல்லக்கா? ஒரு குறிப்பு எழுதிருவோம், பிளாப்பியில நேராச் சேமிக்காதீங்கன்னு."

"இங்கன எல்லாரும் பிளாப்பியிலதான் வச்சிருக்காவ தம்பி. குறிப்ப யாரு படிக்கா? சேமிச்சாச்சுன்னு நீங்களே சொல்லுதிய, அதத்தான் நம்புவாவ."

"அப்ப ரெண்டு மணி நேரம் குடுங்க. திருத்தித் தாரேன்."

"உங்க திருத்தத்தச் சோதிக்க எனக்கு அஞ்சு மணி நேரம் வேணும். அது கெடையாது. பழைய சேமிப்புப் பகுதியத் திரும்ப வைக்கேன். மெதுவா இருந்தாலும் அது மூணு மாசம் ஓடின சாமான்."

சிவகணேஷின் குரல் இப்போது அவ்வளவு சத்தமாக இல்லை.

"நாலு மாசம் எழுதினதுக்கா அது."

"தெரியும்."

"சரி. வைங்க," என்றான் கடைசியில். "ஆனா நானும் சும்மா இருக்க மாட்டேன். திருத்தத்த எழுதத்தான் போறேன்."

நான் என் வகுப்பை ரத்து செய்தேன். சாலோமி கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பேருந்தில் வந்து சேர்ந்தாள். பழைய பகுதியை மறுபடி பொருத்தி, மென்பொருளைத் தொகுத்து முடிக்க ஒன்றே கால் ஆகிவிட்டது. அறுபத்து நான்கு சோதனைகளையும் மூன்று இயந்திரங்களுக்குப் பிரித்தோம். கீழே பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. மேலே நாங்கள் மூன்று பேரும் வாய் திறக்காமல் தட்டிக்கொண்டிருந்தோம். அவ்வப்போது ஒரு குரல் மட்டும்: "பத்தொம்பது, சரி." "முப்பத்தி மூணு, சரி."

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு மின்சாரம் போனது.

விசிறி நின்றதும் அறைக்குள் வெயில் ஏறியது. மும்தாஜ் அக்கா எழுந்து, பழைய மானிட்டர்கள் கிடக்கும் சின்ன அறைக்குள் போய் லுஹர் என்னும் நண்பகல் தொழுகையைத் தொழுதார். திரும்பி வந்தபோதும் மின்சாரம் வரவில்லை. அதற்குள் சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் குமரகுருபரன் அழைத்தார்.

"மேடம், அஞ்சு மணிக்கு உங்க தளத்துல இருந்து எடுத்துக்கறோம். ஆறு மணிக்கு சிடி நகலெடுக்க மாஸ்டர் போவுது. லேட் ஆகாதில்ல? அட்டைல 'கொற்கை 1.0 இலவசம்'னு போட்டு அச்சே முடிஞ்சிடுச்சு."

"நாலே முக்காலுக்கு உறுதியாச் சொல்லுதேன் சார்."

"இன்னும் உறுதியாவலயா?" என்று அவர் கேட்டதற்கு அக்கா, "நாலே முக்கால் சார்," என்று மறுபடி சொல்லிவிட்டு வைத்தார்.

இரண்டே முக்காலுக்கு மின்சாரம் வந்தது. நான்கு மணிக்குப் பக்கமாக நாற்பத்தொன்பது டிக்குகள் விழுந்திருந்தன. ஐம்பத்திரண்டாவது சோதனை என் பங்கு: பழைய பதிப்புகளில் எழுதிய கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றனவா? 0.7-இன் கோப்பு திறந்தது. 0.8-உம் திறந்தது. பக்கத்தில் சாலோமியின் பிளாப்பி கிடந்தது. பட்டியலில் இல்லாவிட்டாலும் அதையும் திறந்து பார்த்தேன்.

திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது. ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை.

"அக்கா, இங்க வாங்க."

பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. சிவகணேஷின் புதிய பகுதி வேகமாகச் சேமிப்பதற்காகக் கோப்பின் அமைப்பையே மாற்றியிருந்தது. அதில் சேமித்த எதையும் பழைய பகுதிக்குப் படிக்கத் தெரியாது. 0.9.4-ஐ இந்தப் பத்து நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கியிருந்தார்கள். 1.0 வந்ததும் அதைப் போட்டுக்கொள்வார்கள். மறுநாள் அவர்கள் எழுதி வைத்ததெல்லாம் கட்டங்களாகிவிடும்.

முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

நான்கேகால் மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு. "முடிச்சிட்டேன்க்கா!" சிவகணேஷுக்கு மூச்சு வாங்கியது. "திருத்திட்டேன். தொகுத்தே அனுப்பிருக்கேன், பாருங்க."

இணையத்துக்கான மதுரை எண்ணைச் சுழற்றி, மோடம் கீச்சிட்டு, இணைப்புக் கிடைத்து, அஞ்சல் இறங்கி முடிய நான்கு இருபத்தைந்து ஆனது. நிறைந்த பிளாப்பியை மும்தாஜ் அக்காவே போட்டார். ஒரு வரி அடித்தார். சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தார்.

'இடம் போதாது. சேமிக்கவில்லை. பழைய பிரதி அப்படியே இருக்கிறது.'

சாலோமி கையைத் தட்டிவிட்டாள். நானும் சிரித்தேன். புதிய அமைப்புக் கோப்பு திறந்தது, பழையதும் திறந்தது. எல்லாமே சரியாகிவிட்டது போல இருந்தது. தளத்தில் ஏற்ற இருபது நிமிடம் பிடிக்கும். நேரம் இருந்தது, சரியாக அளந்து வைத்தது போல.

"ஏத்துங்கக்கா," என்றேன்.

அவர் கட்டளையை அடித்துவிட்டார். கடைசி விசை மட்டும்தான் பாக்கி. அந்த விரலை அப்படியே நிறுத்திக்கொண்டு, சிவகணேஷ் மறுமுனையில் காத்திருந்த தொலைபேசியை இன்னொரு கையால் எடுத்தார். மோடம் ஒரு இணைப்பிலும் தொலைபேசி இன்னொன்றிலும் இருந்தன.

"தம்பி, எத்தன எடத்தத் தொட்டிய?"

"மூணு. இல்ல, நாலு."

"எத்தன தடவ ஓட்டிப் பாத்திய?"

"ஒரு தடவ நல்லா ஓட்டிப் பாத்தேன்க்கா. ஓடுது. நீங்களும் இப்ப பாத்திய. என்னய நம்புங்க."

"உங்கள நம்புதேன். போன தடவையும் நம்பினேன்." குரல் உயரவில்லை. "அன்னைக்கு அறுபத்தி நாலையும் ஓட்டியே இது தப்பிச்சுப் போச்சு. இன்னைக்கு இருபது நிமிஷம்கூட சோதிக்கல. தளத்துல வச்சா மறுநாள் மாத்திரலாம். வட்டு இருபதாயிரம் வீட்டுக்குப் போனப்பெறவு எப்படித் திரும்பக் கூப்பிட?"

"இந்த வாய்ப்பு இனி வராதுக்கா."

"வராது."

"உங்களுக்கு என்ன, பட்டியல்ல டிக் போடணும், அவ்வளவுதான். எழுதினது நான்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னைக்கு வெளியீடு இல்ல தம்பி," என்றார்.

மறுமுனையில் இணைப்பைத் துண்டித்த ஓசை கேட்டது. அவர் அடித்து வைத்திருந்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். பிறகு சென்னைக்கு அழைத்தார்.

"சார், கொற்கை வரல. நீங்க வேற எதையாவது போட்டுக்கிடுங்க."

குமரகுருபரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அட்டைய நான் என்ன பண்றது மேடம்? உங்களை நம்பி நாலு மாசமா விளம்பரம் போட்டேன்," என்றார். அக்கா மன்னிப்புக் கேட்டார். அவர் "பரவால்ல" என்று சொல்லவில்லை.

ஐந்து மணிக்குள், கொற்கையைப் பயன்படுத்துவோரின் மின்னஞ்சல் குழுவுக்குக் கடிதம் போய்விட்டது. நான்கு வரிதான். பிழை என்ன என்று ஒரு வரி, 0.9.4-ஐ வைத்திருப்பவர்கள் பிளாப்பியில் சேமிக்க வேண்டாம் என்று ஒரு வரி. 'பூட்டுக்குப் பின் இந்த மாற்றத்தை அனுமதித்தது நான். தவறு என்னுடையது.' கடைசி வரி, வெளியீடு தள்ளிப்போகிறது என்பது. சிவகணேஷின் பெயரை அவர் எங்கேயும் எழுதவில்லை.

நான் பையை எடுத்துக்கொண்டேன். அக்கா கிளம்பவில்லை, சாலோமியைப் பார்த்தார்.

"ஞானம்பாள் மேடம் என்னைக்கு வாராவ?"

"நாளைக்குக் காலைல டீச்சர். பதினோரு பக்கம் போச்சு."

"கையெழுத்துப் பிரதி கைல இருக்குல்லா? வா, போவோம்." வீட்டிலிருந்த மாமியாரிடம் தொலைபேசியில், "மாமி, புள்ள தஸ்மியாவுக்குச் சோறு குடுத்துருங்க, நான் வரச் சித்த நேரமாகும்," என்று மட்டும் சொன்னார்.

சமாதானபுரத்தில் அவர் முதலில் சாலோமியின் கணினியில் வேண்டாததை அழித்து இடம் உண்டாக்கினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து ஞானம்பாளின் நுணுக்கிய கையெழுத்தை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். ஆற்றுப் பாசனத்தில் மடைகளின் பராமரிப்பு பற்றிய அத்தியாயம் அது. சாலோமி அடித்தாள். நான் பழைய பக்கங்களைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அக்கா படிப்பதை நிறுத்தி, "சேமி," என்பார். சேமித்து, மூடி, திறந்து காட்டினால்தான் அடுத்த பக்கம். ஏழரைக்குள் பதினொன்றும் முடிந்து அச்சிலும் எடுத்துவிட்டோம்.

அதற்குப் பிந்திய நாட்கள் மோசமாக இருந்தன. அஞ்சல் குழுவில் யார் யாரோ திட்டினார்கள். 'ஊரில் வகுப்பெடுக்கிற ஒரு டீச்சரிடம் இதைக் கொடுத்தது யார்?' என்று டொராண்டோவிலிருந்து ஒருவர் எழுதினார். பத்திரிகை அட்டையில் கொற்கையின் பெயர் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி விற்றது. வண்ணார்பேட்டைக் கடை ஒன்றில் தொங்கிய இதழை நானே பார்த்தேன். அந்த ஆசிரியர் பிறகு எங்கள் கடிதம் எதற்கும் பதில் போடவில்லை. சிவகணேஷும் எழுதவில்லை.

அக்கா அவன் திருத்தத்தை எடுத்துச் சோதித்தார். அறுபத்து நான்கும் போதாதென்று புதிதாக ஒன்பது சேர்த்தார். நிறைந்த பிளாப்பி, பாதியில் உருவிய பிளாப்பி, எழுத முடியாதபடி தடுத்த பிளாப்பி என்று. பத்து நாள் ஆனது. ஒரு பிழைகூட வரவில்லை. அன்று நான்கரை மணிக்கு அந்தக் கடைசி விசையைத் தட்டியிருந்தால் இருபதாயிரம் வட்டுகளும் ஒழுங்காகவே ஓடியிருக்கும்.

இதை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்ல வேண்டாம் என்று நானே சொன்னேன். அவர் குழுவுக்கு எழுதினார்: 'சிவகணேஷின் திருத்தம் முழுக்கச் சரியாக இருந்தது. பதினெட்டாம் தேதி எனக்கு அது தெரியாது. தெரியாததை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேறொருவர் பொறுப்பேற்க விரும்பினால் பட்டியலைக் கொடுத்துவிடுகிறேன்.'

பட்டியலை வாங்க யாரும் வரவில்லை. பக்ரீத் முடிந்த மறுவாரம், ஏப்ரல் ஆறாம் தேதி, கொற்கை 1.0 தளத்தில் ஏறியது. முதல் மாதம் நூற்று நாற்பது பேர் இறக்கினார்கள். இருபதாயிரம் எங்கே, நூற்று நாற்பது எங்கே. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் பாளையிலும் டவுனிலும் தென்காசியிலும் ஜாப் டைப்பிங் கடைகளில் அது இருந்தது. சாலோமி ஒருத்தியே பிளாப்பியில் பதிந்து ஏழு கடைகளுக்குக் கொடுத்திருந்தாள்.

சிவகணேஷ் ஜூலையில் எழுதினான். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எழுத்துப் பிழை காட்டும் வசதி ஒன்று எழுதுகிறானாம், அதைச் சோதிக்க என்னென்ன வேண்டும் என்று அக்கா முன்கூட்டியே சொன்னால் நல்லது என்று கேட்டிருந்தான். அக்கா அன்றைக்கே மூன்று பக்கம் பதில் எழுதினார்.

ஒரு நாள் மையம் விட்டு இறங்கும்போது கேட்டேன், அந்த வியாழக்கிழமையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறதா என்று. இல்லை என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"இருக்கு விஜி. நெறைய இருக்கு," என்றார். "இருபதாயிரம் பேருக்குப் போயிருக்க வேண்டியது. அத நான்தான் நிறுத்தினேன். சரியாச் செஞ்சேன்னுதான் நெனைக்கேன். அதுக்காக வருத்தம் இல்லாமப் போயிருமா?"

மேலப்பாளையம் பேருந்து வந்தது. கூட்டமாக இருந்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி, உள்ளே போய்விட்டார்.